செலவிடும் முன் ஒரு படம் வரையுங்கள்

(மஞ்சள் சாகுபடி செய்யும் உழவர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய ரகங்களைப் பற்றியும், உரமிடும் அளவைப் பற்றியும், கிழங்கு அழுகலைத் தடுக்கும் முறையைப் பற்றியும் இப்பக்கங்களில் அடிக்கடி படித்து வருகிறீர்கள். இன்று நான் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு தாளும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இதற்குச் செலவு இல்லை. ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் அறுவடைக்குப் பிறகு நீங்கள் செய்யப்போகும் செலவுகளில் எது பணமாகத் திரும்பி வரும், எது வராது என்பதை முன்கூட்டியே காட்டக்கூடிய வேலை இது.

விளைவிப்பதில் நம் உழவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். எட்டு ஒன்பது மாதம் பாடுபட்டு மஞ்சளை வெட்டி எடுக்கிறோம். அதன் பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. 'மெருகு போட்டால் விலை கூடும்' என்கிறார் ஒருவர். 'பொடியாக்கி விற்றால் இரட்டிப்பு இலாபம்' என்கிறார் இன்னொருவர். 'மானியத்தில் இயந்திரம் கிடைக்கிறது, விடாதீர்கள்' என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் கேட்டுக் கடன் வாங்கிச் செலவு செய்துவிட்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால், கையில் மிஞ்சியது பழைய தொகையாகவே இருக்கும். கடன் மட்டும் கூடியிருக்கும். இதற்குக் காரணம் என்ன? செய்த வேலைக்கும் அடைய நினைத்த இலக்குக்கும் நடுவில் தொடர்பு இருக்கிறதா என்று யாரும் பார்க்காததே காரணம்.

வாய்க்காலை நினைத்துக் கொள்ளுங்கள்

கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறோம். அது தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியே ஓடி, மடை திரும்பி, கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் கரை உடைந்திருந்தால், எவ்வளவு நேரம் மோட்டாரை ஓட்டினாலும் கடைசிப் பாத்தி காய்ந்துதான் கிடக்கும். விளைபொருளுக்கு நாம் செய்யும் செலவும் இப்படித்தான். பணம் ஒரு வேலையாக மாறுகிறது. அந்த வேலை பொருளுக்கு ஓர் இயல்பைத் தருகிறது. அந்த இயல்பைக் கண்டு வாங்குபவர் ஒரு செயலைச் செய்கிறார். அந்தச் செயலால் நம் இலக்கு நிறைவேறுகிறது. இந்தத் தொடரில் ஓர் இடம் உடைந்திருந்தாலும் பணம் நடுவழியில் வடிந்து போய்விடும்.

இந்தத் தொடரைத் தாளில் கோடாக வரைந்து பார்ப்பதையே நான் 'வாய்க்கால் படம்' என்று சொல்கிறேன். இந்த வழி தொழில் உலகில் முன்பே உள்ளதுதான். ஜப்பானில் யோஜி அகாவோ என்ற தர அறிஞர், வாங்குபவர் வேண்டுவதையும் பொருளின் இயல்புகளையும் இணைத்துப் பார்க்கும் முறையை 1960-களின் பிற்பகுதியில் வகுத்தார். 1972-இல் கோபே நகரிலுள்ள மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளத்தில் இதற்கென ஓர் அட்டவணையே போட்டுப் பயன்படுத்தினார்கள். பின்னர் கணினி மென்பொருள் துறையைச் சேர்ந்த கோய்கோ அஜிச் என்பவர் 2012-இல் எழுதிய நூலில் நான்கு கேள்விகளைக் கொண்டு படம் வரையச் சொன்னார். எதற்காக? யாரால்? அவர் எப்படி மாறி நடக்க வேண்டும்? அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்? இவையே அந்த நான்கு கேள்விகள். கப்பலுக்கும் கணினிக்கும் உதவிய இந்த முறை மஞ்சளுக்கும் உதவும். ஏனெனில் எங்கும் பொருளை வாங்குபவர் ஒரு மனிதர். அவருடைய முடிவுதான் விற்பவருக்கு வரவு.

படம் வரையும் முறை

தாளைக் குறுக்காக வைத்து ஐந்து பத்திகளாகக் கோடு போட்டுக் கொள்ளுங்கள். தாள் இல்லையென்றால் களத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையலாம். இடமிருந்து வலமாக வேலை, பொருளின் இயல்பு, வாங்குபவரின் செயல், யார், இலக்கு என்று தலைப்பு எழுதுங்கள். ஆனால் நிரப்பும்போது வலப்பக்கத்திலிருந்து, அதாவது கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும். இது மிக முக்கியம். 'என்ன இயந்திரம் வாங்கலாம்' என்று இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால், வாங்கிய பிறகு அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்போம்.

1. இலக்கு: 'நல்ல விலை கிடைக்க வேண்டும்' என்பது ஆசை, அதை இலக்கு என்று சொல்ல முடியாது. இலக்கில் ஓர் எண்ணும் ஒரு நாளும் இருக்க வேண்டும். 'சித்திரை முடிவதற்குள், செலவு போக ஏக்கருக்குச் சென்ற ஆண்டைவிட 20,000 ரூபாய் கூடுதலாகக் கையில் நிற்க வேண்டும்' என்பது இலக்கு. ஒரு படத்துக்கு ஓர் இலக்கு மட்டுமே இருக்கட்டும். 'உடனே பணமும் வேண்டும், காத்திருந்து விலையும் ஏற வேண்டும்' என்று இரண்டையும் ஒரே படத்தில் எழுதினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். இரண்டும் தேவையென்றால் சரக்கை இரண்டாகப் பிரித்து, இரண்டு படம் வரையுங்கள்.

2. யார்: இந்த இலக்கு யாருடைய செயலால் நிறைவேறும்? ஒழுங்குமுறை விற்பனைக் கூட ஏலத்தில் விலை கேட்கும் வியாபாரியாலா? மண்டிக்காரராலா? மஞ்சள்தூள் ஆலையாலா? குர்குமின் சாறு பிரிக்கும் தொழிற்சாலையாலா? விதை மஞ்சள் தேடிவரும் அண்டை உழவராலா? பொட்டலம் வாங்கும் குடும்பத்தாலா? 'சந்தை' என்று பொதுவாக எழுதக்கூடாது. சந்தை நமக்குப் பணம் தருவதில்லை. அங்கு நிற்கும் ஒருவர்தான் தருகிறார். மேலும் வேகவைக்கும் ஆட்களையும், தரம் பிரிக்கும் தாய்மார்களையும் இந்தப் பத்தியில் எழுதுங்கள். அவர்கள் வேலையில் கவனம் குறைந்தாலும் இலக்கு தவறிப் போகும்.

3. வாங்குபவரின் செயல்: அவர் இப்போது செய்வதை விட்டு வேறு எதைச் செய்தால் நமக்கு வரவு கூடும்? குவியலைப் பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போகாமல் கூட்டிக் கேட்க வேண்டுமா? ஈரம், மண் என்று பிடித்தம் செய்யாதிருக்க வேண்டுமா? மறுமாதமும் வந்து வாங்க வேண்டுமா? அந்தச் செயலை ஒரு வரியில் எழுதுங்கள்.

4. பொருளின் இயல்பு: நம் மஞ்சளில் எதைக் கண்டால் அவர் அந்தச் செயலைச் செய்வார்? இதை நாமாக ஊகித்து எழுதக்கூடாது. அவரையே கேட்க வேண்டும். ஏல நாளன்று இரண்டு மணி நேரம் நின்று, எந்தக் குவியலுக்கு ஏன் விலை கூடிற்று என்று கவனித்தாலும் போதும்.

5. வேலை: அந்த இயல்பைத் தரும் வேலை எது? அதற்கு என்ன செலவு? இதை எழுதிய பிறகு வேலையிலிருந்து இலக்கு வரை ஒரே கோடாக இழுத்துப் பாருங்கள். கோடு முழுதாகப் போய்ச் சேர்ந்தால் அந்த வேலை நிற்கட்டும். நடுவில் அறுந்தால் அதை ஒத்திவையுங்கள்.

ஓர் ஏக்கர் மஞ்சளுக்கு ஒரு படம்

விளங்கிக் கொள்வதற்காக ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 10 டன் பச்சை மஞ்சள் விளைந்ததாகவும், காய்ந்தபின் அது ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 2,000 கிலோவாக நின்றதாகவும் வைத்துக்கொள்வோம். விலை கிலோவுக்கு 120 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

முதற்கோடு: ஏல வியாபாரி. இவர் கூட்டிக் கேட்பதற்குக் காரணமான இயல்புகள் நான்கு. நன்கு காய்ந்திருத்தல், ஒரே சீராக வெந்திருத்தல், விரலியும் கிழங்கும் கலவாமல் தனித்திருத்தல், மண்ணும் வேரும் இல்லாதிருத்தல். விரலிக்கும் கிழங்குக்கும் சந்தையில் தனித்தனி விலை. பொதுவாக விரலிக்கே விலை அதிகம். இரண்டும் கலந்து கிடந்தால் வியாபாரி கிழங்கை மனத்தில் கொண்டே விலை சொல்வார்.

இந்த இயல்புகளைத் தரும் வேலைகள் யாவை? வெட்டிய இரண்டு மூன்று நாட்களுக்குள் வேகவைக்க வேண்டும். விரலியையும் கிழங்கையும் தனித்தனியே வேகவைக்க வேண்டும். கொப்பரையில் வேகவைப்பவர்கள் நுரை பொங்கி, மஞ்சள் மணத்துடன் வெண்ணிற ஆவி வரும் பக்குவம் பார்க்க வேண்டும். இதற்கு 45 முதல் 60 நிமிடம் ஆகும். அளவுக்கு மீறி வெந்தால் நிறம் கெடும். குறைவாக வெந்தால் காய்ந்தபின் எளிதில் நொறுங்கும். பிறகு சுத்தமான களத்திலோ தார்ப்பாயிலோ 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, 10 முதல் 15 நாள் வரை உலர்த்த வேண்டும். மிக மெல்லியதாகப் பரப்பினால் நிறம் மங்கக்கூடும். இரவில் குவித்து, காற்றோட்டமான பொருளால் மூடிவைக்க வேண்டும். ஈரம் 10 விழுக்காட்டுக்கு வந்தபின் மூட்டை பிடிக்க வேண்டும். ஒடித்தால் 'கணீர்' என்ற ஒலி கேட்பது நன்கு காய்ந்ததற்கு அடையாளம்.

'ஈரத்தோடு விற்றால் எடை கூடுமே' என்று சிலர் நினைக்கக்கூடும். கணக்குப் பார்ப்போம். 10 விழுக்காடு ஈரத்தில் 2,000 கிலோ நிற்கும் மஞ்சள், 14 விழுக்காடு ஈரத்தில் ஏறத்தாழ 2,093 கிலோ நிற்கும். 93 கிலோ கூடுதல்தான். ஆனால் ஈரத்தைக் கண்டு வியாபாரி கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்தால், 2,40,000 ரூபாய்க்குப் பதிலாக 2,34,416 ரூபாயே கிடைக்கும். 5,584 ரூபாய் நட்டம். இருப்பு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்து வேறு. ஆகவே உலர்த்தும் வேலையிலிருந்து இலக்குக்குப் போகும் கோடு முழுமையானது. இதற்குப் புது இயந்திரம் எதுவும் தேவையில்லை. கூலியும் கவனமும் போதும்.

இரண்டாம் கோடு: மெருகு. மெருகேற்றினால் மேல்தோல் நீங்கிப் பளபளப்பு வரும். ஆனால் தேய்மானமும் வரும். 100 கிலோவுக்கு 3 கிலோ தேய்வதாகக் கொண்டால் 2,000 கிலோவில் 60 கிலோ போய்விடும். அதன் மதிப்பு 7,200 ரூபாய். மெருகுக் கூலி கிலோவுக்கு ஒரு ரூபாய் என்றால் 2,000 ரூபாய். ஆக 9,200 ரூபாய் செலவு. மிஞ்சிய 1,940 கிலோவுக்கு இதைப் பங்கிட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ 4 ரூபாய் 75 காசு ஆகிறது. மெருகிட்ட மஞ்சளுக்கு இதற்கு மேல் விலை கூடினால்தான் நமக்கு வரவு. கூடுமா? இதை வாதம் செய்து தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு மூட்டை மெருகிட்டும், இரண்டு மூட்டை மெருகிடாமலும் ஒரே நாள் ஏலத்துக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும்.

மூன்றாம் கோடு: குர்குமின் தொழிற்சாலை. இவர்கள் மஞ்சளிலுள்ள குர்குமின் சத்துக்காகவே வாங்குபவர்கள். ஈரோடு உள்ளூர் மஞ்சளில் இது 2.5 முதல் 4.5 விழுக்காடு வரை இருக்கும். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரதிபா ரகத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு இருக்கும். மண்ணையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து இந்த அளவு மாறும். இப்போது படத்தைப் பாருங்கள். இந்த இயல்பு முதன்மையாக ரகத்தால் வருவது. நடவின்போதே அது பெரும்பாலும் முடிவாகிவிட்டது. அறுவடை செய்த மஞ்சளுக்கு எவ்வளவு மெருகு போட்டாலும் குர்குமின் ஒரு புள்ளிகூட ஏறாது. அரைத்துச் சாறு எடுப்பவருக்குப் பளபளப்பும் தேவையில்லை. ஆகவே இந்த ஆண்டுக்கு இந்தக் கோடு அறுந்த கோடு. ஆனால் வரும் வைகாசி, ஆனி நடவுக்கு இது நல்ல கோடாகலாம். வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை விழுக்காட்டுக்கு என்ன விலை என்று கேட்டு, கால் ஏக்கரில் அந்த ரகத்தை நட்டு, நம் மண்ணில் விளைச்சலையும் சத்தையும் சோதித்த பிறகு அகலக்கால் வைப்பது நலம்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே இயல்பு ஒருவருக்கு விலை, இன்னொருவருக்கு வீண். 'யார்' என்ற பத்தியை நிரப்பாமல் எந்த இயல்பு நல்லது என்று சொல்லவே முடியாது.

நான்காம் கோடு: குடும்பங்களுக்குத் தூள் விற்பது. கலப்படமில்லாத தூள் என்றால் வாங்க ஆள் உண்டு, விலையும் கூடுதல். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு குடும்பம் மாதம் கால் கிலோ வாங்குவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3 கிலோ. ஓர் ஏக்கர் மஞ்சளான 2,000 கிலோவையும் தூளாக விற்க ஏறத்தாழ 670 குடும்பங்கள் ஆண்டு முழுவதும் தவறாமல் நம்மிடமே வாங்க வேண்டும். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த குடும்பங்கள் எத்தனை? 60 என்றால் ஆண்டுக்கு 180 கிலோ.  இதற்குச் சொந்தமாக அரவை இயந்திரம் வாங்குவது எறும்புக்கு யானைத் தீனி போடுவது போலாகும். ஊர் அரவை ஆலையில் கூலி கொடுத்து அரைத்துக்கொள்ளலாம்.

உறை அச்சடிப்பதும் அப்படியே. 180 கிலோ என்பது கால் கிலோவில் 720 பொட்டலம். 'மொத்தமாக அடித்தால் மலிவு' என்று 10,000 உறை அச்சடித்தால், அவை தீர ஏறத்தாழ 14 ஆண்டு ஆகும். எளிய உறையும், சட்டப்படி வேண்டிய விவரங்கள் குறித்த சீட்டும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் இருந்தால் தொடங்குவதற்குப் போதும். 60 குடும்பம் 200 ஆகட்டும். பிறகு அடுத்த செலவைப் பற்றி யோசிக்கலாம்.

நஞ்சில் முடியும் கோடு

இங்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வாங்குபவர் விரும்பும் இயல்பைக் குறுக்கு வழியில் தர முயல்வது பெருந்தீங்கில் முடியும். வங்காளதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1980-களில் அங்குப் பெருவெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து நிறம் மங்கிற்று. வியாபாரிகள் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைக் கேட்டார்கள். மெருகிடும் இடங்களில் ஈயக் குரோமேட் என்ற சாயத்தைத் தூவத் தொடங்கினார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. 2019-இல் அங்குச் சந்தை மாதிரிகளைச் சோதித்தபோது 47 விழுக்காட்டில் இந்தக் கலப்படம் இருந்தது. அரசு சோதனையும் தண்டனையும் விதித்து, மக்களிடமும் வியாபாரிகளிடமும் பரப்புரை செய்தபின், 2021-இல் அது இல்லாமல் போயிற்று.

வாய்க்கால் படத்தில் வைத்துப் பாருங்கள். வியாபாரி கேட்ட இயல்பு நிறம். நிறம் மங்கியதற்குக் காரணம் ஈரம். ஆகவே செய்ய வேண்டிய வேலை ஒழுங்காக உலர்த்துவது. அதை விட்டுச் சாயத்தைத் தூவியபோது கோடு வியாபாரியோடு நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் அந்த மஞ்சளைக் குழம்பில் போட்டுக் குழந்தைக்கு ஊட்டும் தாய் ஒருத்தி இருக்கிறாள் என்பதை யாரும் எழுதவில்லை. ஆகவே 'யார்' என்ற பத்தியில் பணம் தருபவரோடு, கடைசியாக உண்பவரையும் மறவாமல் எழுதுங்கள். எந்த நிறச் சாயத்தையும் மஞ்சளில் சேர்ப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

மானியமும் முத்திரையும்

'மானியம் கிடைக்கிறது' என்பது இயந்திரம் வாங்க ஒரு காரணமே ஆகாது. மானியம் கிணற்றில் நீர்மட்டம் ஏறியது போன்றது. வாய்க்கால் உடைந்திருந்தால் அந்த நீரும் வீண்தான். மானியம் போக மீதித் தொகை நம்முடையது. மின்சாரமும் பழுதும் நம்முடையவை. ஆண்டில் எத்தனை நாள் அந்த இயந்திரம் ஓடும் என்று எழுதிப் பாருங்கள். பத்து நாள்தான் ஓடும் என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல். உழவர் குழுவாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ சேர்ந்து வாங்குவதானால், உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலில் தத்தம் படத்தை வரையட்டும். எத்தனை படத்தில் அந்த இயந்திரத்தின் கோடு இலக்கைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்மானம் போடலாம்.

முத்திரைக்கும் இதே விதிதான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது நமக்குப் பெருமை. ஆனால் அந்தக் குறியீட்டை அதற்கெனப் பதிவு செய்துகொண்டவர்கள்தான் பயன்படுத்தலாம். அதைக் கேட்டு வாங்கும் ஒருவரை 'யார்' பத்தியில் எழுத முடிந்தால் அந்தக் கோட்டில் வரவு உண்டு. எழுத முடியாவிட்டால், அப்படிப்பட்டவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

கோடு என்பது ஊகமே

இன்னும் ஒன்று. தாளில் வரைந்த கோடு ஒவ்வொன்றும் ஓர் ஊகம்தான். 'இதைச் செய்தால் அவர் அதைச் செய்வார்' என்று நாம் நினைக்கிறோம். செய்தாரா என்று பார்த்த பிறகே அது உண்மையாகும். ஆகவே ஒவ்வொரு கோட்டின் மேலும் எதை அளப்பது, என்று அளப்பது என்று இரண்டு குறிப்புகள் எழுதுங்கள். ஏலச் சீட்டு, எடைச் சீட்டு, கூலிக் கணக்கு ஆகிய மூன்றையும் அந்தத் தாளோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.

பல கோடுகள் முழுமையாக இருந்தால் எதை முதலில் எடுப்பது? செலவு குறைந்தது, சீக்கிரம் பலன் தெரிவது, தவறினாலும் நம்மைச் சாய்க்காதது ஆகிய மூன்று குணமும் உடையதை முதலில் எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் உலர்த்துவதும் தரம் பிரிப்பதும் முதலிடம் பெறுகின்றன. மெருகு நான்கு மூட்டைச் சோதனைக்குப் போகிறது. தூள் 60 குடும்பத்தோடு தொடங்குகிறது. குர்குமின் ரகம் அடுத்த நடவில் கால் ஏக்கருக்குப் போகிறது. இயந்திரமும் பத்தாயிரம் உறையும் ஒத்திவைக்கப்படுகின்றன. எதையும் மறுக்கவில்லை; ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில் வைத்திருக்கிறோம்.

அவசரப் பணத்துக்காக அறுவடையானவுடன் முழுவதையும் விற்க வேண்டிய நெருக்கடி இருந்தால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியைப் பற்றியும் விசாரித்துக் கொள்ளுங்கள். அங்கும் நன்கு காய்ந்த மஞ்சளே வண்டும் பூஞ்சணமும் இன்றி இருப்பு நிற்கும். உலர்த்தும் வேலை இரண்டு கோடுகளுக்கு உதவுவதை இங்கே காணலாம். இப்படிப் பல கோடுகள் வந்து சேரும் வேலையே படத்தில் மிகச் சிறந்த வேலை.

மற்ற விளைபொருள்களுக்கும் பொருந்தும்

மஞ்சள் பயிரிடாதவர்களும் இதைச் செய்யலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பு நீங்கிய திடச்சத்தையும் அளந்து விலை தருகிறார்கள். அங்கே இலக்கைத் தொடும் வேலை பசுந்தீவனமும் அடர்தீவனமும் சரியான அளவில் கொடுப்பது. அதே பாலை வீடுகளுக்கு ஊற்றினால், விடியற்காலையில் நேரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுப்பதே முதல் இயல்பாகிவிடும். மாடு ஒன்று, பால் ஒன்று. 'யார்' மாறியவுடன் வேலை மாறிவிட்டது. தக்காளிக்கும், வாழைக்கும், நிலக்கடலைக்கும் இவ்வாறே நீங்கள் வரைந்து பார்க்கலாம்.

வரையும்போது வீட்டிலுள்ள தாய்மார்களையும் உடன் உட்கார வையுங்கள். உலர்த்துவதும் பிரிப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் நடக்கின்றன. எந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்பது அவர்களுக்கே துல்லியமாகத் தெரியும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கோடு போடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். வீட்டுக் கணக்கு அவர்களுக்கும் விளங்கட்டும்.

சுருக்கமாகச் சொன்னால் நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

1. இலக்கை எண்ணோடும் நாளோடும் எழுதுங்கள்.
2. யாருடைய செயலால் அது நிறைவேறும் என்று ஆளைக் குறிப்பிடுங்கள், உண்பவரையும் சேருங்கள்.
3. அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.
4. எந்த இயல்பைக் கண்டால் செய்வார் என்று அவரையே கேட்டு எழுதுங்கள்.
5. அதைத் தரும் வேலையையும் செலவையும் எழுதிக் கோடு இழுங்கள்.
6. அறுந்த கோடுகளை ஒத்திவையுங்கள். முழுக் கோடுகளைச் சிறிய அளவில் சோதியுங்கள்.
7. விற்ற பிறகு சீட்டுகளோடு உட்கார்ந்து படத்தைத் திருத்துங்கள்.

விவசாயப் பெருமக்களே, மழையும் சந்தை விலையும் நம் கையில் இல்லை. ஆனால் கடன் வாங்கிய ஒரு ரூபாயை எங்கே விடுவது என்பது நம் கையில் இருக்கிறது. தை மாதம் மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பாக, ஒரு மாலை மட்டும் ஒதுக்கி இந்தப் படத்தை வரைந்து பாருங்கள். வரைந்ததை உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடமோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். எந்தக் கோடு உறுதி, எந்தக் கோடு ஐயம் என்று அவர்களோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் உழைப்பின் பலன் கடைமடை வரை சென்று சேர வேண்டுமென வாழ்த்தி விடைபெறுகிறேன்.